முன் பிரேக்

பைக்கிலிருந்து கழற்றிய முன்சக்கரம் பட்டறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. சாயங்கால வெயில் அதன் கம்பிகளுக்குள் புகுந்து தரையில் நிழல்வலை போட்டிருக்கிறது. மெக்கானிக் பிரேக் தட்டை மடியில் வைத்து மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்கிறார். நாற்பது வருஷத்து அழுக்குக்கு அடியிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கின்றன. “ஏழு இஞ்ச் டிரம், பிரேக் ஷூவை விரிக்கிற கேம் ஒண்ணுதான். இதுல ரெட்டை கேம் தட்டு கச்சிதமா உக்காரும் சார். ரெண்டு ஷூவும் சேந்து புடிக்கும்” என்றபடி பழைய ஷூவைத் திருப்பியவர் புருவத்தைத் தூக்குகிறார். “பின் பிரேக்ல இரும்பே தெரியுது, இது தேயவே இல்லையே! முன் பிரேக்கைத் தொட்டதே இல்லையா?”

வண்டிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஹெல்மெட் வாரை முறுக்குகிறார். “தொட்டா, பின்னாடி இருக்கிறவ என் முதுகுல வந்து முட்டுவா. அப்புறம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அர்ச்சனைதான்.”

“அம்மாவுக்குத் தெரியாம மாத்துறீங்களாக்கும்?”

வார் முறுக்குவது நிற்கிறது. “போன மாசத்துலேருந்து நான் மட்டும்தான்.”

மெக்கானிக் தலையைக் குனிந்து, துடைத்த தட்டையே மறுபடியும் துடைக்கிறார். பிறகு ஸ்பேனரை எடுக்கிறார். புதுத் தட்டு ஏறி, சக்கரம் பூட்டி, கேபிளை இறுக்கி முடித்ததும், “ஓட்டிப் பாருங்க சார்” என்கிறார், வண்டியைப் பார்த்து.

வண்டிக்காரர் பழக்கம் மாறாமல் டேங்கை ஒட்டி உட்கார்கிறார். பின்னால் முக்கால் சீட் காலியாக இருக்கிறது. தெருமுனை விளக்குக் கம்பத்தருகே நான்கு விரலாலும் பிரேக்கைப் பிடிக்கிறார். வண்டி சட்டென்று நிற்கிறது. முதுகை விறைத்துக்கொண்டு காத்திருக்கிறார். எதுவும் வந்து முட்டவில்லை.