ரோகிணியின் முளைப்பாரி

முளைப்பாரி வீட்டின் பின்வாசல் வழியாக ரோகிணி வெளியே வந்ததை வள்ளிக்கண்ணு தன் கண்ணால் பார்த்துவிட்டாள். சும்மா வரவில்லை, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

வள்ளிக்கண்ணுக்குப் பகீரென்றது. ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு சட்டியில் பயறு போட்டு, வெளிச்சம் படாமல் வளர்க்கும் வீடு அது. திருவிழா வரை, தண்ணீர் தெளிக்கும் சோணையம்மாளைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. சட்டி செழித்தால் குடும்பம் செழிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. வள்ளிக்கண்ணு இந்த வருஷம் போட்டது மருமகள் நிவேதா பேரில். இரண்டு தடவை தங்காமல் போய், இப்போது ஏழாம் மாதம்.

ரோகிணி தை மாதம்தான் தேவகோட்டையிலிருந்து வந்து ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவள். புருஷன் எங்கே என்று கேட்டால் சிரிப்பாள். அப்படிச் சிரிக்கிறவளை எந்த ஊர் நம்பும்?

வள்ளிக்கண்ணு நேரே சோணையம்மாளிடம் போய் நின்றாள்.

"மதினி, பாரி வீட்டுக்குள்ள அவளுக்கு என்ன சோலி?"

மூட்டு வலி, தண்ணீர் தெளிக்க நான்தான் அனுப்பினேன் என்று சோணையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலே வள்ளிக்கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. பேச்சு மகளிர் குழு வாட்ஸ்அப் வரைக்கும் போனது. செய்வினையாக இருக்குமோ என்றுகூட ஒருத்தி கேட்டாள்.

திருவிழா அன்று சட்டிகள் வெளியே வந்தன. நிவேதா பேருக்கு வந்த சட்டியில் பயிர் நெருக்கமாக, முழ உயரம் நின்றது. அந்தப் பெண் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வள்ளிக்கண்ணுக்குக் கண் கலங்கியது.

ரோகிணியின் சட்டியோ பாதி அழுகி, மீதி தலை சாய்ந்து கிடந்தது. அதையும் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் கடைசியாக நின்றாள்.

"ஆத்தா காட்டிட்டா, பாத்தீகளா?" வள்ளிக்கண்ணு நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். "மனசு எப்படியோ, அப்படித்தான மொளைக்கும்."

ரோகிணி காதிலும் விழுந்தது. அவள் தலையில் இருந்த சட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

ஊருணியில் பாரியைக் கரைத்துவிட்டுத் திரும்பும்போது, சோணையம்மாள் வள்ளிக்கண்ணுவின் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள்.

"சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கியிருக்கா. ஒன் வாயப் பொறுக்க முடியாமச் சொல்றேன். அழுகுனது ஒன் மருமக சட்டி. தண்ணி தெளிக்கப் போனவ பாத்துட்டு, மாசமா இருக்க புள்ள தாங்காது, என் சட்டிய அவுக பேருக்குக் குடுத்துருங்கன்னு வந்து நின்னா. ஊரே ஒன்னைய ஏசும்டின்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா, மதினி?"

"எப்படியும் ஏசத்தான செய்யிறாக, இந்தத் தடவ ஒரு புள்ளைக்கு ஒதவியா ஏசிட்டுப் போகட்டும்னா."