அடுத்த ஆள்

கர்ர்ர்ர்...

மணி பத்து. சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் கேட்கிற அதே சத்தம். இரும்பைத் தரையில் போட்டு இழுப்பதுபோல. என் வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்ட். மகளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். புதுக் கதவு போட்டு இரண்டு மாதமாகியும் எனக்குப் பயம் விட்டபாடில்லை.

பக்கத்து வீட்டில் தையலக்கா. எங்கள் பன்னிரண்டு வீட்டுச் சுழல்நிதி அவள் பொறுப்பில்தான். என் கதவே அதில் வாங்கிய கடனில் வந்ததுதான்.

பணப்பெட்டியை இழுத்து ஒளித்துவைக்கிறாள். வேறென்ன?

காலையில்தான் வாசலில் நின்று என் மானத்தை வாங்கியிருந்தாள்.

"தவணை எங்கம்மா?"

"குழந்தைக்குக் காய்ச்சல்க்கா. ஒரு வாரம் பொறுங்களேன்."

"ஆளாளுக்கு ஒரு வாரம்னா நிதி என்னத்துக்கு ஆகும்? வெளியிலேர்ந்து யாரும் கொண்டுவந்து கொட்டலை. நீ கட்டுறதுதான் அடுத்த ஆளுக்குப் போகணும்."

"அந்த அடுத்த ஆளுக்கு அப்படியென்ன தலைபோற அவசரம்?"

நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பெட்டியைப் பற்றி இப்போதே முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது. பாலுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்தேன். மகளைத் தோளில் போட்டேன். என் கதவைப் பூட்டிக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினேன்.

கதவு லேசாக உள்ளே போனது.

"ஐயோ, தள்ளாதே! மெஷின் சாஞ்சிடும்!"

இடுக்கில் எட்டிப் பார்த்தேன். கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது அவளுடைய தையல் மெஷின். நிலை முழுக்கச் செல்லரித்திருந்தது. தாழ்ப்பாள் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை.

இடுக்கு வழியே பணத்தை நீட்டினேன். வரவு வைக்க நோட்டைப் பிரித்தாள். 'கதவுக்கடன்' என்ற வரியில் அவள் பெயர் அடிக்கப்பட்டு, மேலே என் பெயர். அடுத்த வரியில் அவள்.

"உங்க முறையா அக்கா அது?"

"நீ கைக்குழந்தைக்காரி. என்னைத் தூக்கிட்டுப் போறவன் இந்த மெஷினையும் சேர்த்துல்ல தூக்கணும்? போய்ப் படு."

மறுநாளே பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு ஒரு தவணைகூடத் தப்பவில்லை. கடைசி மூன்றையும் ஒரே நாளில் கட்டினேன். அப்போதும் அவள் சிரிக்கவில்லை. இரண்டு தடவை எண்ணினாள்.

இன்று மணி பத்து. மெஷின் நகரவில்லை.

சுவரில் காதை வைத்தேன்.

டக்.

அக்கா உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.