ஆறு மாதத்துக்குள் எடுத்த படம்

சங்கரன்கோவில் ஸ்டுடியோ ஒன்றில், வெள்ளைத் துணிக்கு முன்னால் கிடக்கும் ஸ்டூலில் வேல்விழி உட்கார்ந்திருக்கிறாள். எட்டு மாத வயிறு. கணவன் மகாராஜன் கனடாவில் இருக்கிறான். விசாவுக்காக இதே ஸ்டூலில் எடுத்த படம் பழையதாகிவிட்டது, ஆறு மாதத்துக்குள் எடுத்தது வேண்டும் என்று நேற்று மெயில் வந்திருக்கிறது. இன்னும் மூன்று வாரம் போனால் அவளை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். “ரெண்டு காதும் தெரியணும் தங்கச்சி” என்கிறார் போட்டோக்காரர் எபினேசர். அம்மா பொன்மணி மகளின் தலையிலிருந்து பிச்சிப்பூவை எடுத்து உள்ளங்கையில் சுருட்டிக்கொள்கிறாள். முடியை ஒதுக்க வேல்விழி கையைத் தூக்கும்போது வளைகாப்பு வளையல்கள் முழங்கைவரை சரிந்து குலுங்குகின்றன. அந்தச் சத்தம் அடங்கும்வரை எபினேசர் பொறுத்திருக்கிறார். “சிரிக்கக் கூடாது.” வெள்ளைக் குடைக்குள் விளக்கு மின்னி அணைகிறது. கம்ப்யூட்டரில் பழைய முகத்துக்குப் பக்கத்தில் புது முகம் வந்து நிற்கிறது, கன்னம் கொஞ்சம் உப்பி. பொன்மணி குனிந்து பார்க்கிறாள்.

“படத்துல வயிறு விழாதுல்லா அண்ணாச்சி?”

“தோளோட வெட்டிருவேன்.”

“பிள்ளை இங்கனயே பொறந்துட்டா?”

எபினேசர் மவுசிலிருந்து கையை எடுக்கவில்லை. “அதுக்குத் தனியா பாஸ்போர்ட், விசா எல்லாம் முதல்ல இருந்து போடணும். தூக்கிட்டு வாங்க, இதே துணியில படுக்கவச்சு எடுத்துருவோம். கண்ணு மட்டும் தொறந்திருக்கணும்.”

படம் எடுத்து முடிந்ததை வேல்விழியிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல், அவள் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.