ஆளுக்கு ஒரு போத்தல்

“இது கடைச் சாமான் இல்லை. என்ர மனிசி தன்ர கையால வீட்டில—”

“வாயை மூடிக்கொண்டு ஏறுங்கோ ஐயா.”

தலைமன்னார் இறங்குதுறையில், இத்தனை பயணிகளுக்கு நடுவில், யாகப்பரைப் பார்த்து இப்படிச் சொன்னான் பைசர். உல்லாசப் படகின் பொறுப்பாளன். தாராபுரத்து முஸ்லிம் ஆள். தலையில் தொப்பி, முகத்தில் ஒழுங்காகக் கத்தரித்த தாடி.

யாகப்பரை வாயை மூடச் சொன்னவர்கள் முன்னரும் இருந்தார்கள். அவர்களில் தோளில் துவக்கு மாட்டியிருந்தவர்களும் உண்டு. மீனவர் சங்கத்துக்காகக் கத்திக் கத்தியே கரகரத்துப்போன தொண்டை அது. ஒருவருக்கும் மூடியதில்லை.

“என்ன தம்பி சொன்னனீர்?”

மனைவி றோசம்மா அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். “ஏறுங்கோப்பா. பிறகு கதைப்பம்.”

அதற்குள் பைசர், பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்த போத்தலை அவளுடைய பையிலிருந்து எடுத்துவிட்டான். பைகளைச் சோதித்துக்கொண்டு நின்ற சீருடைக்காரரிடம் சிங்களத்தில் என்னவோ சொன்னான். அவர் சிரித்தார். இவனும் சிரித்தான். போத்தல் படகின் சமையல் குசினிப் பக்கமாகப் போய் மறைந்தது.

சிங்களம் படிக்கமாட்டேன் என்பது யாகப்பரின் இளவயதுச் சபதம். அதற்காக அவர் வருந்தியது அன்றுதான்.

படகு புறப்பட்டது. மணல் திட்டுகள் வரை போய், சூரியன் விழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணம். நோர்வேயில் இருக்கும் மகள் றஞ்சிதா, அப்பா அம்மாவின் கலியாண நாளுக்கென்று பதிந்து கொடுத்தது. விரும்பினால் ஆளுக்கு ஒரு போத்தல் வைன் கொண்டு வரலாம் என்றும் சொல்லியிருந்தாள். மற்ற மேசைகளில் பளபளவென்று போத்தல்கள் நின்றன. இவர்களுடைய மேசையில் ஒரு பூச்சாடி மட்டும்.

“பாத்தியே, கடைப் போத்தலுக்கு வழி விடுவினம். எங்கட வீட்டுப் போத்தலைப் பறிப்பினம். இதைத்தான் நான் இவ்வளவு காலமும் சொன்னனான்.”

“மெதுவாக் கதையுங்கோ.”

“அவருக்கு ஹராமெண்டால் எனக்கும் ஹராமோ? நான் எண்டைக்கு மெதுவாக் கதைச்சனான்?”

“கலியாணத்தண்டு. நீங்கள் ‘ஓம்’ எண்டு சொன்னது கலியாணம் கட்டிவைச்ச சுவாமிக்கே கேக்கேல்ல.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

மடு மாதா கோயிலில், யுத்தத்துக்குத் தப்பி அகதியாகக் கிடந்த காலத்தில் நடந்த கலியாணம். கேக்கும் வைனும் இல்லாமல் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டில் ஒரு கலியாணம் நிறைவதில்லை. அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி. சீனிகூட இல்லை. ஆளுக்குப் பாதி குடித்தார்கள்.

இந்த வருடம் றோசம்மா முந்திரிகை வத்தல் வாங்கி, கறுவாவும் கராம்பும் போட்டுப் பரணிச் சாடியில் ஊறவைத்தாள். “அண்டைக்குக் குடியாததை இப்ப குடிப்பம்” என்றாள். வடித்து, கழுவிய பழைய போத்தலில் ஊற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சூரியன் தண்ணீரைத் தொட்டது. மற்ற மேசைகளில் கிளாசுகள் முட்டின. றோசம்மா கடலைப் பார்த்தபடி இருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் யாகப்பருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். ஒரு கூட்டம் தொடங்கப்போகிறது என்று றோசம்மாவுக்கு விளங்கியது.

அந்த நேரம் பைசர் வந்தான். கையில் ஒரு பிளாஸ்க், இரண்டு கோப்பை.

“தேத்தண்ணி, ஐயா.”

“கொண்டு போம். தேத்தண்ணி குடிச்சு முடிச்ச கலியாணம் இது.”

பைசர் போகவில்லை. பிளாஸ்க்கை மேசையில் வைத்தான். “அம்மா, நீங்களே ஊத்துங்கோ. நான் ஊத்தக்கூடாது.”

றோசம்மா மூடியைத் திறந்தாள். கராம்பு மணத்தது. கோப்பையில் கருஞ்சிவப்பாக இறங்கியது அவளுடைய வைன்.



“லேபல் இல்லாத போத்தல், ஐயா,” என்றான் பைசர், குரலைத் தாழ்த்தி. “கசிப்பு, கள்ளச் சாராயமெண்டு பிடிச்சிருந்தால் இப்ப நீங்கள் ரெண்டு பேரும் பொலிசில இருப்பியள். எங்கட குசினிக்கு வந்த வினாகிரி எண்டு அவருக்குச் சொன்னனான். குசினிப் பொடியன்தான் பிளாஸ்க்கில ஊத்தித் தந்தவன். நீங்கள் ‘வைன்’ எண்டு வாயெடுத்திருந்தால் அந்தச் சொல் அவருக்கும் விளங்கியிருக்கும். அதுதான் அப்பிடிப் பேசினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

யாகப்பர் உட்கார்ந்தார். றோசம்மா கோப்பையை நீட்டினாள். பாதி குடித்துவிட்டு மற்றப் பாதியை அவளிடம் கொடுத்தார். அவளுக்கு முன்னால் இன்னொரு கோப்பை இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

“நன்றி, தம்பி,” என்றார்.

மேடைகளில் ஒலிவாங்கியைப் பார்த்து ஆயிரம் தடவை சொல்லிய சொல். அன்றைக்கு அது சுவாமிக்கே கேட்காத குரலில் வந்தது.

திரும்பி வந்து இறங்கும்போது, யாகப்பர் பிளாஸ்க்கைத் தன் கைலேஞ்சியால் துடைத்துப் பைசரிடம் நீட்டினார்.

“இந்தாரும். படகுச் சாமான்.”

பைசர் கையை நீட்டவில்லை.

“படகுச் சாமான் இல்லை ஐயா. என்ர மனிசி ஒவ்வொரு நாளும் எனக்குத் தேத்தண்ணி தந்துவிடுற பிளாஸ்க். இனி அதில நான் குடிக்க ஏலாது. உங்கட கலியாணப் பரிசெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”