கடிக்காத பூட்ஸ்

"ஒரே ஒரு தடவை நீ 'போகாதீங்க'ன்னு சொல்லலாம். வேலையை விட்டுட்டாவது நின்னுடுவேன். ஆனா ஒரே தடவைதான், பார்த்துச் செலவு பண்ணு."

"அப்ப இன்னைக்கு வேணாம். வச்சுக்கறேன்."

கல்யாணமான புதிதில், முதல்முறையாக அவர் எல்லைக்குக் கிளம்பியபோது ரயில்வே ஸ்டேஷனில் நாங்கள் பேசிக்கொண்டது இது. அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகள் பிறந்தபோது அவர் ஏதோ பனிமலையில் இருந்தார். அப்போதும் சொல்லவில்லை. என் அப்பா படுத்த படுக்கையானபோது லீவு முடிந்துவிட்டதென்று கிளம்பினார். நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். இதைவிடப் பெரிதாக ஒன்று வரும், அப்போது வேண்டியிருக்கும் என்று ஒரு கணக்கு.

வந்தது. நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயதில், கமாண்டோ பயிற்சி.

ராணுவ ஒர்க்‌ஷாப்பில் லாரி எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிறவர் அவர். துப்பாக்கியைவிட ஸ்பேனரைத்தான் அதிகம் பிடித்திருப்பார். ஒரு விருந்தில் இளவட்டம் ஒன்று, "பெரியப்பாவுக்கு இனிமே எங்க முடியப்போகுது" என்று வாயைக் கொடுக்க, இவர் வீம்புக்கு, பயிற்சிக்கு நான் போறேன் என்று கையைத் தூக்கிவிட்டார். மறுநாளே மேலிடத்துக்குப் பெயர் போய்விட்டது. ஒர்க்‌ஷாப்பே எழுந்து நின்று கைதட்டியதாம்.

இது உத்தரவு இல்லை. விருப்பப்பட்டுப் போவது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு, மிச்சக் காலமெல்லாம் போகாமல் போனவரின் முகத்தை யார் பார்த்துக்கொண்டிருப்பது?

ஆஸ்பத்திரியில் ஊரார் மூட்டுகளை மடக்கி நீட்டுவதுதான் என் வேலை. அவருடைய முழங்காலையும் சேர்த்துக்கொண்டேன். தினமும் காலையில் டேப் சுற்றிவிடுவேன். முதுகுப்பையில் மணல் மூட்டையை வைத்து வாரை இறுக்குவேன். ஓடக் கிளம்புகிறவர் வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பார்.

"என்ன, ஏதாவது சொல்லணுமா?"

"மழை வர்ற மாதிரி இருக்கு. வழுக்கிடப் போகுது, பார்த்து."

ஒரு நாள் தவறாமல் கேட்பார். இந்த வயதில் கொஞ்சல் வேறயா என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

பயிற்சிக்கென்று கொடுத்த புது பூட்ஸ் மட்டும் பெட்டி பிரிக்காமல் அலமாரி மேலேயே இருந்தது. பழசைப் போட்டுக்கொண்டே ஓடினார். கேட்டால், "நாளைக்குப் போட்டுக்கலாம்."

அந்தப் பயிற்சியில் ஆளைக் கவிழ்ப்பது ஆறும் மலையும் இல்லை, பழகாத பூட்ஸ்தான் என்று சொன்னதே அவர்தான். குதிகால் உரிந்து, அடி வைக்க முடியாமல் நின்றால் லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அப்படி வருகிறவனை யாரும் கேலி செய்யமாட்டார்களாம். பாவம், கால் காலை வாரிவிட்டது என்பார்களாம்.

அப்படியும் மறந்துவிட்டாரே மனுஷன் என்று நானே பெட்டியைப் பிரித்தேன்.

அவர் வீட்டில் இல்லாத நேரமெல்லாம், அவருடைய கம்பளிக் காலுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு அந்த பூட்ஸோடு நடந்தேன். சமையலறை, பின்கட்டு, மாடிப்படி. குதிகால் பக்கம் எண்ணெய் தடவி நீவினேன்.

"மிலிட்டரிக்குப் போறது அப்பாவா, நீயா?" என்றாள் மகள்.

"இந்த வீட்டுக்கு மிலிட்டரியே தேவலை. போய்ப் பாத்திரத்தைத் தேய்."

பூட்ஸ் கடிக்கும்போதெல்லாம் அந்தப் 'போகாதீங்க' மேலே வரும். அடுத்த அடியில் மிதித்துக் கீழே தள்ளுவேன்.

நாளைக் காலையில் ரயில். இன்று மதியம் அவர் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பூட்ஸைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன்.

"போட்டுப் பாருங்க."

"புதுசு, கடிக்கும். அங்க போய்ப் பார்த்துக்கறேன்."

"போடுங்களேன்."

போட்டார். நாடாவை இழுத்துக் கட்டினார். அறைக்குள் ஒரு நடை நடந்தவர், ஜன்னலருகே நின்றுவிட்டார். குனிந்து, எஞ்சினில் எண்ணெய்க் கசிவைத் தேடுகிற மாதிரி கட்டைவிரலால் குதிகாலை அழுத்திப் பார்த்தார். தோல் அப்படியே இளகிக்கொடுத்தது.

"கடிக்கல" என்றார்.

"எப்படிக் கடிக்கும்? கடிச்ச கடியெல்லாம் நான் வாங்கியாச்சே."

புடவையைக் கணுக்கால்வரை தூக்கி, குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, என் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும், உருகாதீங்க. பொண்ணு வந்துடப் போறா" என்றேன்.

பிடித்த பிடியை அவர் விடவில்லை. எத்தனையோ முறை வழியனுப்பியிருக்கிறேன். இப்படிப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்ததில்லை.

அந்தப் பெட்டி இத்தனை நாள் ஏன் பிரிக்கப்படாமல் இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் நீவிவிட்டபடி, நிமிராமலே கேட்டார்.

"ஸ்டேஷன்ல ஒண்ணு வச்சுக்கறேன்னியே. இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"தினமும் வாசல்ல நின்னு கேட்டேன். நீ மழையைப் பத்தியே பேசினே." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்பவாவது சொல்லேன்."