வலிக்காத பல்

வாயைத் திறந்ததும் வந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் அவள் அந்த நாற்காலியில் சாய்ந்தாள். வாயைத் திறந்ததும் பல் டாக்டர் அதற்குள் ஒரு குட்டிக் கண்ணாடியை நுழைத்துவிட்டார்.

“எந்தப் பக்கம் வலிக்குது?”

“ஆ... அங்...” என்றாள். எந்தப் பக்கமும் வலிக்கவில்லை. அவள் வந்தது பல்லைக் காட்ட அல்ல, வெப்சைட் விற்க.

வேலையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. ‘இனி சொந்தமா வெப்சைட் டிசைன் பண்ணப் போறேன், யார்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேன்’ என்று ஆபீசில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தவள். லேப்டாப் வந்தது, விசிட்டிங் கார்டு வந்தது, சுழல் நாற்காலிகூட வந்தது. வாடிக்கையாளர் மட்டும் வரவில்லை. கணவனின் அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அறைக்குள் எட்டிப் பார்த்து, “இன்னிக்காவது யாராச்சும் மாட்டினாங்களா?” என்று கேட்டுவிட்டு உச்சுக் கொட்டுவாள்.

போதாக்குறைக்குக் காலையில் பழைய மேனேஜர் வேறு போன் செய்திருந்தார். “உன் சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவேன்.”

அதனால்தான் பையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாள். துணிக்கடையில் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். டிரைவிங் ஸ்கூலில் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பூட்டு ரிப்பேர்காரர், “வீட்டுக் கதவையே தொறக்க முடியாம எங்கிட்ட வர்றாங்க. இவங்க போய் வெப்சைட்டத் தொறக்கப் போறாங்களா?” என்று சிரித்தார்.

மிச்சம் இருந்தது மாடியில் இருந்த பல் ஆஸ்பத்திரி. முன்னறையில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “டாக்டர் பயங்கர பிஸி. பேஷண்ட்டா இருந்தா மட்டும் உக்காருங்க.”

“பேஷண்ட்தான்” என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள் இவள்.

அரை மணி நேரம் காத்திருந்தாள். உள்ளேயிருந்து டிரில் மெஷின் ‘விர்ர்... விர்ர்’ என்று விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றது, இவளைக் கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்து யாரும் வெளியே வரவில்லை. பின்பக்கம் இன்னொரு வாசல் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள். இவ்வளவு பிஸியான மனுஷருக்கு ஒரு வெப்சைட் இல்லாவிட்டால் எப்படி?

“டாக்டர், நான் வந்து...”

“பேசாதீங்க. நல்லா அகலமா திறங்க.”

ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே போனவர் கடைசிப் பல்லில் நின்றார். “ஆகா! இருக்கு! குட்டியா ஒரு சொத்தை!” தொலைந்த மோதிரம் கிடைத்ததுபோல் அவர் முகம் மலர்ந்தது. தொழில் மேல் என்ன பிரியம் பாரு என்று இவள் நெகிழ்ந்துபோனாள். அந்த நெகிழ்ச்சியிலேயே ஊசியும் இறங்கிவிட்டது.

சொத்தையைச் சுரண்டி அடைத்து முடித்து நாற்காலியை நிமிர்த்தினார். பாதி உதடு இரவல் வாங்கியதுபோல் கனத்தது. இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை.

“தாக்தர், வெப்... தைத்...”

“தையலா? சேச்சே, இதுக்கெல்லாம் தையல் போட மாட்டோம்.”

இது வேலைக்கு ஆகாது என்று போனை எடுத்தாள். தான் மாதிரிக்குச் செய்து வைத்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார்.

“அட, நல்லா இருக்கே! இதுவரைக்கும் எத்தனை பேருக்கு இப்படிப் பண்ணிக் குடுத்திருக்கீங்க?”

ஐம்பது பேர் என்று சொல்லத்தான் நாக்கு புரண்டது. பல் வலி என்று ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் மனசு வரவில்லை. போனிலேயே தட்டிக் காட்டினாள்: ‘ஒருத்தருக்கும் இல்ல டாக்டர். நீங்க சரின்னா நீங்கதான் முதல் ஆள். பல்லு வலியும் கிடையாது, மன்னிச்சிடுங்க.’

டாக்டர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்போகிறார் என்று பையை இறுக்கிக்கொண்டாள்.

“அதனால என்ன? பண்ணுங்க” என்றார்.

அவளுக்கு நாற்காலி தானாகவே மேலே போவதுபோல் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து பழைய மேனேஜருக்கு, ‘வேற ஆளப் போட்டுக்கோங்க சார்’ என்று செய்தி அனுப்பினாள். அனுப்பிய கையோடு நோட்டைப் பிரித்தாள். கிளினிக் பெயர், நேரம், போன் நம்பர் என்று கேட்டுக் கேட்டு எழுதி முடிப்பதற்குள் உதடும் சொந்தக்காரியிடமே திரும்பி வந்துவிட்டது.

“முதல் பக்கத்துல பெரிய எழுத்துல ஒரு நம்பர் போட்டா பார்க்கிறவங்களுக்குப் பளிச்சுனு இருக்கும் டாக்டர். இந்தக் கிளினிக்குல இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பல்லு பார்த்திருக்கீங்க? ஆயிரமா? ரெண்டாயிரமா?”

டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“உங்களையும் சேர்த்தா... ஒண்ணுங்க.”