முட்டி அவளுடையது

இனி எந்த மனிதர் முன்னாலும் மண்டியிட மாட்டேன் என்ற கடிதத்தில் மிஷனரி மார்லிஸ் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த மாதமே குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டும்.

இதைச் சொன்னவர், உகாண்டாவில் மசாக்கா பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு மின்னசோட்டாவிலிருந்து வந்திருந்த மிஷன் இயக்குநர் ஹால்வர்சன். ஞாயிறு ஆராதனை முடிந்து எழுந்தவர்களைக் கை காட்டி உட்கார வைத்துவிட்டார். ஊர் பார்க்க நடந்த தப்பை ஊர் பார்க்கத்தான் திருத்த வேண்டுமாம்.

நான் நபவேசி, சபையின் மொழிபெயர்ப்பாளர். அவர் இங்கிலீஷில் சொல்வதை எங்கள் லுகாண்டாவில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் சொந்தக் கருத்தை யாரும் கேட்பதில்லை.

ஹால்வர்சன் மேஜை போட்டு, அந்தக் கடிதத்தையும் பேனாவையும் முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஆணியில் மிஷன் அனுப்பிய காலண்டர் தொங்கியது. அதிலும் அவர்தான், யாருக்கோ கம்பளி கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் அவர் வண்டியை விட்டு இறங்கும்போது, மார்லிஸ் பக்கத்து வீட்டுக் கிக்குண்டு தாத்தா முன்னால் செம்மண்ணில் மண்டியிட்டு நலம் விசாரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் பெரியவர்களை விசாரிப்பது அப்படித்தான். எதையாவது கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அப்படித்தான். கம்பாலாவில் வேலை பார்க்கும் என் மகள்கூட முணுமுணுத்துக்கொண்டாவது மண்டி போடுவாள்.

வந்த புதிதில் மார்லிஸ் இப்படி இல்லை. நெடுநெடுவென்று நின்றபடி பெரியவர்களிடம் கையை நீட்டுவாள். பள்ளிக்கூடத் தோழிகள் செய்வதைப் பார்த்து அவள் மகள் இங்கா ஒருநாள் மண்டி போட்டபோது, பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். வெள்ளைக்காரிக்கு முட்டியே மடங்காது போல என்று குழாயடியில் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

ஹால்வர்சன் தொண்டையைச் செருமினார். "நாம மண்டி போடுறது கடவுளுக்கு மட்டும்தான். மனுஷன் முன்னால போட்டா அது பாவம். ஒரு மிஷனரியே அதைச் செய்யலாமா?"

மொழிபெயர்த்தேன். பெஞ்சுகளில் இருந்த பெண்கள் குனிந்து தங்கள் முட்டிகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஆயுசு முழுக்கச் செய்த மரியாதையைப் பாவம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்லிஸ் எழுந்தாள். இங்கிலீஷில் பேசுவாள் என்று நினைத்தேன். இல்லை, லுகாண்டாவில் பேசினாள், மேடும் பள்ளமுமான லுகாண்டாவில். ஒரு அமெரிக்கர் சொன்னதை இன்னொரு அமெரிக்கருக்கு நான் மொழிபெயர்க்க வேண்டி வந்தது.

"தாத்தாவுக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு. அவர் பாயில உட்கார்ந்திருக்கார். நான் நின்னுக்கிட்டே பேசினா, வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு என்னை அண்ணாந்து பார்க்கணும். ஒரு வருஷம் அவரை அப்படிப் பார்க்க வெச்சேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. இப்ப ரெண்டு பேர் கண்ணும் ஒரே உயரத்துல இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பக்கத்தில் அவள் கணவர் கர்ட் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போய்விட்டால், அவர் நடத்தும் ஊர் மருந்தகத்துக்குப் பூட்டுதான். இங்காவுக்கோ இந்த ஊரை விட்டால் வேறு ஊர் தெரியாது. ஹால்வர்சன் பேனாவை அவர் பக்கம் தள்ளி, மனைவிக்குப் புத்தி சொல்லுங்கள் என்றார். கர்ட் பேனாவை எடுத்தார். மூடியைப் போட்டுத் திரும்ப வைத்தார்.

ஜன்னலோரம் இருந்த கிக்குண்டு தாத்தா என்ன தகராறு என்று கேட்டார். காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் இருந்தவர் கத்திச் சொன்னார்.

"முட்டி அவளோடது," என்றார் தாத்தா. "இவருக்கு ஏன் வலிக்குது?"

இதை ஓர் எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன். சபையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஹால்வர்சன் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். இருபது வருஷமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறாராம். தன் கண் முன்னால் யாரும் மனிதருக்கு மண்டியிட ஒரு தடவைகூட விட்டதில்லையாம். வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாளைக்கு மிஷன் உதவி நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எல்லார் முகத்திலும் இருந்தது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஐந்து வருடமாக இருந்தது.

"யாருக்கும் ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையே?" என்று பேனாவை மறுபடி திறந்தார் ஹால்வர்சன்.

"ஒருத்திக்கு இருக்கு, ஐயா," என்றேன்.

அவர் தலைக்கு மேலிருந்த காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தேன். படத்தில் அவர் நின்றபடி கம்பளியை நீட்டுகிறார். கீழே ஒரு பெண் மண்டியிட்டுக் குனிந்து இரண்டு கையாலும் வாங்குகிறாள். அவள் முகம் கம்பளிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

"இதுல மண்டி போட்டிருக்கிறது நான்தான். அஞ்சு வருஷத்துக்கு முன்னால, முதல் படம் சரியா விழலைன்னு, என்னை இன்னொரு தடவை மண்டி போடச் சொன்னீங்க."